உவர் நிலமும் புளிப்பு நிலமும்

நிலத்தின் குணத்தையும் குற்றத்தையும் குறிக்கத் தமிழில் நுட்பமான சொற்கள் உண்டு. உப்பு மிகுந்தது உவர்நிலம். காரம் ஏறி, மழை பெய்தால் குழைந்தும் வெயில் அடித்தால் பாறையாக இறுகியும், விதைத்ததை முளைக்கவிடாமல் கெடுப்பது களர்நிலம். கல்லாதவரைக் களர்நிலத்துக்கு ஒப்பிட்டார் திருவள்ளுவர். இருக்கின்றார் என்று எண்ணிக்கையில் சேர்க்கலாமேயன்றி, அவரால் விளையும் பயன் ஒன்றுமில்லை என்பது கல்லாமை அதிகாரத்தில் அவர் கூறும் கருத்து. பட்டாவில் நிலம் இருந்தும் களத்தில் நெல் இல்லாத உழவனின் துயரத்தை அறிந்தவருக்கே இவ்வுவமை தோன்றும்.

புறநானூற்றின் 311ஆம் பாட்டிலும் களர் வருகிறது. அங்கே ஒரு பெண் களர்நிலத்தில் கிணறு தோண்டி, நாள்தோறும் ஆடை வெளுக்கிறாள். களர்மண்ணிலும் அதன் நீரிலும் சோடியம் கார்பனேட் கலந்திருப்பதுண்டு. இன்று சலவைச் சோடா என்று கடையில் விற்பதும் அதே பொருள்தான். பயிருக்குப் பகையான மண் துணிக்கு உதவியது என்பதைப் பழந்தமிழர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

இவ்விரண்டோடு மூன்றாவது வகைக் கெட்ட நிலம் ஒன்று உண்டு. அது தமிழகத்து உழவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாதது; மலேசியக் கடற்கரைகளிலோ நன்கு பழக்கமானது. மண்நூலார் அதனை அமிலச் சல்பேட்டு நிலம் என்பர். எளிய தமிழில் புளிப்பு நிலம் எனலாம். உவர், களர், புளிப்பு ஆகிய மூன்றையும் ‘உப்பால் கெட்ட நிலம்’ என்று ஒரே பெயரால் அழைப்பது எளிது. ஆயின் மூன்றுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தால் நிலம் பிழைக்காது. இவ்வேறுபாட்டை உலகம் தெளிவாக அறிந்துகொண்டதில் அறிவியல் மாநாடுகளுக்கும், அவற்றுக்கு மலேசியாவிலிருந்து சென்ற ஆராய்ச்சிகளுக்கும் பங்கு உண்டு.

பெக்கோக் ஆறும் மேற்குக் கரையும்

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையே இரயில் பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் பெக்கோக். சுற்றிலும் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். கிழக்கே எண்டாவ் - ரொம்பின் காட்டு மலைகள். கடற்காற்று எட்டாத இந்த உள்நாட்டு ஊருக்கும் உவர்நிலத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு ஆற்றின் வழியாக வருகிறது. ஊரின் பெயரைத் தாங்கிய பெக்கோக் ஆறு தென்மேற்காக இறங்கி, தாழ்வான கரிமண் சதுப்பையும் கடற்களிமண் சமவெளியையும் கடந்து, பாத்து பகாட் ஆற்று நீரோடு சேர்ந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. வழியில் யோங் பெங் அருகே இவ்வாற்றின் குறுக்கே பெக்கோக் அணை நிற்கிறது.

மேற்கு ஜொகூரின் கரையோரம் முழுவதும் மனிதன் வாய்க்கால் வெட்டி வாழிடமாக்கிய நிலமாகும். பாரிட் ராஜா, பாரிட் சூலோங், பாரிட் ஜாவா என்ற ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று. பாரிட் என்னும் மலாய்ச் சொல்லுக்கு வாய்க்கால் அல்லது அகழி என்பது பொருள். ஜாவானியரும் பூகிசு மக்களும் சீனரும் சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, தென்னையும் பாக்கும் ரப்பரும் நட்டனர். 1974இல் உலக வங்கியின் கடனுதவியோடு மேற்கு ஜொகூர் விவசாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. கடற்கரை நெடுகக் கரையணைகள் எழுந்தன, வாய்க்கால்கள் அகலப்படுத்தப்பட்டன, அவற்றின் வாய்களில் ஓதக் கதவுகள் பொருத்தப்பட்டன.

ஓதக் கதவு எளிய கருவி. கடல் வற்றும்போது உள்நீரின் அழுத்தத்தால் திறந்துகொண்டு நீரை வெளியே விடும். கடல் ஏறும்போது வெளிநீரின் அழுத்தத்தால் தானே மூடிக்கொண்டு உப்புநீரை உள்ளே விடாது. நாளுக்கு இருமுறை கடலே கதவைத் திறந்து மூடும். இதனால் உவர் விலகியது, நிலம் காய்ந்தது, பயிர் நடப்பட்டது. ஆயினும் சில இடங்களில், நிலம் நன்றாகக் காய்ந்த பிறகே பயிர் மஞ்சளித்துச் சாயத் தொடங்கியது. வாய்க்கால் நீர் கண்ணாடிபோல் தெளிந்தது. அத்தெளிவைக் கண்டு மகிழ்வதற்கில்லை. நீரில் கரைந்த அலுமினியம் படிகாரம்போல் வேலைசெய்து கலங்கலைப் படியவைத்ததால் வந்த தெளிவு அது. வாய்க்கால் ஓரங்களில் துருநிறப் படிவு. தோண்டிப் போட்ட களிமண்ணில் வைக்கோல் நிற மஞ்சள் புள்ளிகள். இவை புளிப்பு நிலத்தின் அடையாளங்கள்.

சேற்றில் உறங்கும் கந்தகம்

இந்நிலம் பிறந்த கதை கடலில் தொடங்குகிறது. கடல்நீரில் சமையல் உப்பு மட்டுமின்றிச் சல்பேட்டும் உண்டு. அலையாத்திக் காட்டுச் சேற்றில் உதிர்ந்த இலையும் வேரும் மக்கும்போது, காற்றில்லாத அச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் சல்பேட்டிலுள்ள உயிர்வளியைப் பயன்படுத்திக்கொள்கின்றன. எஞ்சிய கந்தகம், ஆறு கொண்டுவந்த மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து பைரைட்டு என்னும் தாதுவாகப் படிகிறது. பல நூறு ஆண்டுகள் அலையாத்தி வளர்ந்த இடத்தில் இத்தாது சிறு துகள்களாகச் சேற்றில் நிறைந்துவிடும்.

மலாயத் தீபகற்பத்தில் ஏறத்தாழ 6000 முதல் 4000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றுள்ளதைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. இன்று கடலிலிருந்து தொலைவில் உள்ள தாழ்நிலங்கள் பல அன்று கழிமுகங்களாக இருந்தன. கடல் பின்வாங்கிய பின் அச்சேற்றின் மேல் ஆற்று வண்டலும் கரிமண்ணும் மூடின. ஆதலின் கடலைப் பாராத உழவனும் தன் வயலின் அடியில் பழங்கடலின் கந்தகத்தை வைத்திருக்கக்கூடும்.

நீருக்கடியில் இருக்கும்வரை பைரைட்டு தீங்கற்றது. வாய்க்கால் வெட்டி நீர்மட்டத்தை இறக்கினால் காற்று உள்ளே புகுகிறது. உயிர்வளியும் நீரும் நுண்ணுயிரும் சேர்ந்து பைரைட்டைச் சிதைத்துக் கந்தக அமிலமாக்குகின்றன. மண்ணின் பி.எச். அளவு 3.5க்கும் கீழே இறங்குகிறது. நடுநிலையான நீரின் அளவு 7. ஒவ்வோர் எண் இறங்குவதும் புளிப்பு பத்து மடங்கு ஏறுவதாகும். ஆகவே 3.5 என்பது நடுநிலையைவிட ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட புளிப்பு. அவ்வமிலம் களிமண்ணைத் தின்று அலுமினியத்தைக் கரைக்கிறது. கரைந்த அலுமினியம் வேர் நுனியைக் கருக்குகிறது. உரமாக இடும் பாஸ்பேட்டைப் பயிருக்கு எட்டாதபடி பிடித்துவைக்கிறது. மஞ்சள் புள்ளிகளாகத் தெரிவது ஜாரோசைட்டு. அது பொட்டாசியமும் இரும்பும் சேர்ந்த ஒரு சல்பேட்டு உப்பு.

இந்நிலத்தைச் சுண்ணாம்பிட்டுத் திருத்தலாமே என்று தோன்றும். அதற்கு ஒரு சிறு கணக்கு விடை சொல்லும். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் கனமுள்ள மண்ணை எடுத்துக்கொண்டால் அதன் கன அளவு 1000 கன மீட்டர். கன மீட்டருக்கு ஒரு டன் என்று கொண்டால் 1000 டன் மண். அதில் நூற்றுக்கு ஒன்று பைரைட்டு என்றால் 10 டன் பைரைட்டு. 120 பங்கு பைரைட்டு முழுதும் சிதைந்தால் 196 பங்கு கந்தக அமிலம் உண்டாகும் என்பது இரசாயனம். எனவே 10 டன் பைரைட்டிலிருந்து 16 டன்னுக்கு மேல் கந்தக அமிலம்! அதை ஆற்ற ஏறத்தாழ 17 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். அதுவும் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு மட்டும். அரை மீட்டர் கனத்துக்கு 80 டன்னைத் தாண்டும். எந்தச் சிறு விவசாயியாலும் தாங்கக்கூடிய செலவன்று. பிறந்துவிட்ட புளிப்பை ஆற்றுவதைவிடப் பிறவாமல் காப்பதே வழி என்ற முடிவுக்கு இக்கணக்கே இட்டுச் செல்கிறது.

ஒன்றுக்கு மருந்து, மற்றொன்றுக்கு நஞ்சு

உவரையும் களரையும் திருத்தும் முறை வேறு. 1954இல் அமெரிக்காவின் ரிவர்சைடு உவர்மை ஆய்வுக்கூடம் வெளியிட்ட கையேடு இவ்விரண்டையும் அளவால் பிரித்துக் காட்டியது. மண்சாற்றின் மின்கடத்தும் திறன் 4க்கு மேற்பட்டால் உவர். மண்துகளில் ஒட்டிய ஏற்றங்களில் சோடியத்தின் பங்கு நூற்றுக்கு 15க்கு மேற்பட்டால் களர். உவர்நிலத்துக்கு நல்ல நீரைக் கட்டி, உப்பைக் கரைத்து, வடிகால் வழியே வெளியேற்ற வேண்டும். களர்நிலத்துக்கு நீர் மட்டும் போதாது. ஜிப்சம் இட்டு, அதிலுள்ள கால்சியத்தால் சோடியத்தைப் பெயர்த்தெடுத்து, பிறகு நீரால் கழுவ வேண்டும். தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாளை மடக்கி உழ வேண்டும். இந்தியாவில் உப்பால் கெட்ட நிலம் ஏறத்தாழ 67 இலட்சம் ஹெக்டேர் என்பது கணிப்பு. 1969இல் கர்னாலில் நிறுவப்பட்ட மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிலையம் ஜிப்சம் முறையைப் பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேச வயல்களில் பரப்பியது. தமிழகத்தில் திருச்சியிலுள்ள வேளாண் கல்லூரி களர் தாங்கும் ‘திருச்சி 1’ முதலிய நெல்வகைகளைத் தந்தது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையோர வயல்களில் கடலைக் கொட்டிச் சென்றபோது இவ்வறிவு உதவியது. வயலில் படிந்த சேற்றை அகற்றி, வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடித்தனர்; ஜிப்சமும் பசுந்தாளும் இட்டனர். 2005ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை மிகுதியாகப் பெய்து பெரும்பங்கு உப்பைக் கழுவிச் சென்றது. கடல்நீர் புகுந்த நிலங்களைத் திருத்துவது குறித்து உணவு விவசாய நிறுவனம் 2005 மார்ச் 31, ஏப்ரல் 1 ஆகிய நாட்களில் பாங்காக்கில் ஒரு வட்டாரக் கருத்தரங்கையும் கூட்டியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. நாகப்பட்டினத்து உழவனுக்கு ‘நன்றாக வடிகால் வெட்டு’ என்பது நல்ல அறிவுரை. அதே அறிவுரையைப் பைரைட்டுள்ள ஜொகூர் நிலத்துக்குச் சொன்னால், உறங்கும் கந்தகத்தைத் தட்டி எழுப்பியதாகும். இரண்டும் கடலோர நிலமே; இரண்டின் மண்ணிலும் உப்பு உண்டு. ஆயினும் ஒன்றின் மருந்து மற்றொன்றின் நஞ்சு. நாடி பாராமல் மருந்து கொடுக்கக்கூடாது என்பது மண்ணுக்கும் பொருந்தும்.

வாகனிங்கன் மாநாடு

புளிப்பு நிலம் மலேசியாவுக்கு மட்டும் உரிய நோயன்று. கடலைக் கட்டி நிலமெடுத்த டச்சுக்காரர் அதனை நெடுங்காலமாக அறிவர். 1852இல் நீர் வற்றவைத்துப் பெற்ற ஹார்லம் ஏரி நிலத்திலும் சில பகுதிகள் புளித்துப் போயின. அத்தகைய மண்ணை அவர்கள் ‘பூனைக் களிமண்’ என்று அழைத்தனர். மலாயாவில் கெலாம் மரம் தழைத்து நிற்கும் புளிப்பு மண்ணைக் ‘கெலாம் மண்’ என்று வழங்கினர், 1952இல் ஜே. கே. கூல்ட்டர் அதுபற்றி மலாயா விவசாய இதழில் எழுதினார். கேரளத்தின் குட்டநாட்டில், கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் இவ்வகைக் கருமண்ணுக்குக் ‘கரி நிலம்’ என்று பெயர். நோய் ஒன்றே, ஊருக்கொரு பெயர். ஓரிடத்து அனுபவம் மற்றோரிடத்துக்குப் போய்ச் சேராமல் இருந்தது.

இக்குறையைப் போக்க 1972 ஆகஸ்டு 13 முதல் 20 வரை நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில் அமிலச் சல்பேட்டு நிலங்கள் பற்றிய முதல் அனைத்துலக மாநாடு கூடியது. அங்குள்ள அனைத்துலக நிலச் சீர்திருத்த நிலையம் மாநாட்டின் கட்டுரைகளை மறுஆண்டு இரு தொகுதிகளாக வெளியிட்டது. எல். ஜே. பொன்ஸ் என்னும் டச்சு மண்நூலார் இந்நிலங்களின் பிறப்பு, இயல்பு, வகை, திருத்தும் முறை ஆகியவற்றைத் தொகுத்துரைத்தார். மலேசிய விவசாய இலாகாவைச் சேர்ந்த கே. கணபதியின் கட்டுரையும் அம்மாநாட்டில் இடம்பெற்றது. மேற்கு மலேசியாவின் அமிலச் சல்பேட்டு நிலங்களை மீட்பதும் மேம்படுத்துவதும் அதன் பொருள்.

‘அமிலமாகிவிட்ட நிலம்’, ‘அமிலமாகக்கூடிய நிலம்’ என்ற பாகுபாடு இத்துறையின் அடிப்படையாகும். முன்னது ஏற்கெனவே காய்ந்து புளித்தது. பின்னது இன்னும் நீருக்கடியில் நடுநிலையாக இருப்பது. ஆயின் காய்ந்தால் புளிப்பது. இரண்டாவது வகையே ஆபத்து மிகுந்தது. ஏனெனில் ஈரமாக எடுத்துச் சோதித்தால் அது நல்ல மண் என்றே காட்டும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. மண்ணை ஈரப்பதத்தோடு சில வாரங்கள் காற்றாட வைத்து, மறுபடி பி.எச். பார்க்க வேண்டும். விரைவாக அறிய வேண்டுமாயின் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிப் பார்க்கலாம். மண் பொங்கி நுரைத்துப் பி.எச். வீழ்ந்தால் அங்கே பைரைட்டு இருக்கிறது என்று கொள்ளலாம். வாய்க்கால் வெட்டுமுன் இச்சோதனையைச் செய்திருந்தால் எத்தனையோ நிலங்கள் தப்பியிருக்கும்.

செம்பனைத் தோட்டம் தந்த விடை

மலேசியாவின் தனிப்பங்கு செம்பனை ஆராய்ச்சியில் விளங்கியது. ரொதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த சி. புளூம்ஃபீல்டும், கூல்ட்டர் முதலியோரும் 1968இல் மலாயாவின் அமிலச் சல்பேட்டு மண்ணில் வளரும் செம்பனை பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஆழமாக வடிகால் வெட்டிய நிலத்தில் மரங்கள் நலிந்தன. வடிகாலை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தியபோது மீண்டும் விளைச்சல் ஏறியது. 1977இல் பூன் இயூ சின்னும் புளூம்ஃபீல்டும் இதனை மேலும் விளக்கினர். 1981 ஜனவரியில் பாங்காக்கில் கூடிய இரண்டாம் மாநாட்டில், தோ பெங் இன்னும் பூன் இயூ சின்னும் தீபகற்ப மலேசியாவின் புளிப்பு நிலத்துச் செம்பனைக்கு நீர் மேலாண்மை செய்த நன்மையை எடுத்துரைத்தனர்.

அவர்கள் கண்ட முறையின் சாரம் எளிது. வாய்க்காலில் பலகைத் தடுப்பு வைத்து, நிலத்தடி நீரைத் தரையிலிருந்து ஏறத்தாழ 45 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் நிறுத்த வேண்டும். பைரைட்டுப் படுகை அதற்குக் கீழே நீரில் மூழ்கியிருக்கும். வேர்கள் மேலுள்ள மண்ணில் மூச்சுவிடும். மழைக்காலத்தில் பலகையை எடுத்துத் தேங்கிய புளிப்புநீரை வெளியேற்றி, மழை ஓய்வதற்கு முன்பே பலகையைத் திரும்ப வைத்துப் புதுநீரைத் தேக்க வேண்டும். பிந்தினால் வறட்சியில் நீர்மட்டம் இறங்கிப் புதுப் புளிப்பு பிறக்கும். முந்தினால் பெருமழையில் தோட்டம் மூழ்கும். ஆகவே ஆராய்ச்சியின் வெற்றி இறுதியில் மதகுப் பலகையைக் கையாளும் தொழிலாளியின் கவனத்தில் வந்து நிற்கிறது.

நெல்லுக்கு வேறு வழி. வயலில் நீர் தேங்கினால் மண்ணின் புளிப்பு ஓரளவு தானே தணியும்; ஆயின் முதல் வாரங்களில் கரைந்த இரும்பு மிகுந்து நாற்றை வாட்டும். அது தணிந்தபின் நடுவது ஒரு முறை. மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தின் ஜே. ஷம்சுதீன் முதலியோர் மக்னீசியம் கலந்த அரைத்த சுண்ணாம்புக்கல்லை ஹெக்டேருக்கு 4 டன் அளவில் இட்டு நல்ல பலன் கண்டனர். முன்னே கண்ட கணக்கோடு இது முரண்படுவதுபோல் தோன்றலாம். முரணில்லை. இங்கே நோக்கம் அடிமண்ணின் முழுப் புளிப்பையும் ஆற்றுவதன்று. நாற்றின் வேர் பரவும் மேல்மண்ணை மட்டும் வாழத் தகுந்ததாக்குவது. மிச்சத்தை நீர் பார்த்துக்கொள்ளும்.

தாய்லாந்தின் நராதிவாட் மாநிலத்தில், பிகுன் தொங் அரச ஆய்வு நிலையத்தில் 1980களில் எதிர்மறையான ஒரு முறை சோதிக்கப்பட்டது. மண்ணை மாறிமாறிக் காயவைத்தும் நனைத்தும் முதலில் புளிப்பை விரைவில் வெளிக்கொணர்ந்து, பிறகு கழுவிச் சுண்ணாம்பிடுவது அம்முறை. அதற்கு ‘மண்ணைச் சீண்டுதல்’ என்ற பொருளில் பெயரிட்டனர். ஆஸ்திரேலியாவில் கெய்ன்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஈஸ்ட் டிரினிட்டியிலோ இன்னும் வியப்பான முறை கையாளப்பட்டது. 1970களில் கரும்புக்காகக் கரைகட்டி வடித்துப் புளித்துப்போன நிலத்தில், 2000க்குப் பின் ஓதக் கதவுகளைச் சிறிது சிறிதாகத் திறந்து கடல்நீரையே உள்ளே விட்டனர். கூடவே சுண்ணாம்பும் சேர்த்தனர். கடல்நீரில் இயல்பாக உள்ள பைகார்பனேட்டு அமிலத்தை ஆற்றியது. அலையாத்தியும் மீனும் திரும்பின. எந்த உப்புநீரைப் பகையென்று தடுத்தனரோ அதுவே அங்கு மருந்தாயிற்று. ஆயின் கரும்பு திரும்பவில்லை. நிலத்தை மீட்பது என்றால் பயிருக்காகவா, ஆற்றுக்காகவா என்ற வினாவையும் அம்முறை எழுப்பியது.

மாநாட்டில் நிற்கும் கட்டுரை

இத்தகைய ஆராய்ச்சி ஒன்றை அனைத்துலக அவையில் எடுத்துரைப்பது தன் வயலின் பெருமையைப் பாடுவதன்று. அவையோர் வேறு நாட்டினர். வேறு மண்ணை அறிந்தவர். எனவே ஆராய்ச்சியாளர் சிலவற்றைத் தவறாமல் சொல்லியாக வேண்டும். முதலாவது, மண்ணின் அடையாளம்: பைரைட்டுப் படுகை எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது, பி.எச். எவ்வளவு, நீர்மட்டம் பருவந்தோறும் எப்படி மாறுகிறது என்பன. இரண்டாவது, ஒப்பீடு: மருந்திட்ட பாத்திக்குப் பக்கத்தில் மருந்திடாத பாத்தியும் இருந்ததா என்பது. நல்ல மழை பெய்த ஆண்டில் எந்த மருந்தும் பலித்ததுபோல் தோன்றும். 2005ஆம் ஆண்டு நாகையில் எவ்வளவு உப்பை ஜிப்சம் பெயர்த்தது, எவ்வளவை மழை கழுவியது என்பதை ஒப்பீட்டுப் பாத்தி இல்லாமல் பிரித்துச் சொல்ல இயலாது. மூன்றாவது, காலம்: செம்பனை போன்ற மரப்பயிரில் ஓராண்டு விளைச்சல் எதையும் மெய்ப்பிக்காது. நான்காவது, செலவு: சோதனைப் பாத்தியில் வென்ற முறையைச் சிறு விவசாயி தாங்குவாரா என்பது. ஐந்தாவது, வடித்த நீர் எங்கே போயிற்று என்பது.

இந்த ஐந்தாவது வினா முற்காலக் கட்டுரைகளில் பெரும்பாலும் எழவில்லை. நிலத்திலிருந்து புளிப்பை வெளியேற்றியதே வெற்றியாகக் கருதப்பட்டது. வெளியேறிய நீரோ வாய்க்காலில் இரும்புக் குழாயை அரித்தது. சிமெண்டுக் கட்டுமானத்தைத் தின்றது. ஆற்றில் மீனைக் கொன்றது. மேற்கு ஜொகூரிலும் இவ்வினா எழுந்தது. பெக்கோக் ஆற்று நீரின் தரத்தை விவசாய வடிகால்கள் எவ்வாறு மாற்றுகின்றன என்பது பின்னாளில் ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று. கரிமண்ணையும் கடற்களிமண்ணையும் வடித்து வரும் நீரில் புளிப்பும் இரும்பும் அலுமினியமும் ஏறினால், அந்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களின் வேலையும் செலவும் கூடும். ஒருவர் வயலின் மருந்து இன்னொருவர் குடத்தில் கேடாக முடியக்கூடாதன்றோ!

பிந்திய மாநாடுகளில் இக்கவலை வலுப்பெற்றது. 1986இல் செனகலின் டாக்கரிலும், 1992இல் வியட்நாமின் ஹோ சி மின் நகரிலும், 2002இல் ஆஸ்திரேலியாவின் டுவீட் ஹெட்சிலும், 2008இல் சீனத்தின் குவாங்சோவிலும், 2012இல் பின்லாந்தின் வாசாவிலும் புளிப்பு நில மாநாடுகள் தொடர்ந்தன. உவர், களர் நிலங்களுக்குத் தனி மரபு உண்டு. கர்னால் நிலையம் தன் பொன்விழாவையொட்டி 2019 பிப்ரவரி 7 முதல் 9 வரை அனைத்துலக மாநாடு நடத்தியது. 2021 அக்டோபர் 20 முதல் 22 வரை உணவு விவசாய நிறுவனம் உப்பால் கெட்ட நிலங்கள் பற்றிய உலக மாநாட்டை இணையவழி நடத்தியது. அந்நிறுவனம் 2024இல் பாங்காக்கில் வெளியிட்ட அறிக்கையின்படி, உப்பால் கெட்ட நிலம் உலகில் ஏறத்தாழ 138 கோடி ஹெக்டேர். மொத்த நிலப்பரப்பில் நூற்றுக்குப் பத்துக்கும் மேல். மலேசியாவின் அமிலச் சல்பேட்டு நிலமோ ஏறத்தாழ 5 இலட்சம் ஹெக்டேர் என்பது கணிப்பு. உலகத் தொகைக்கு முன் இது சிறிது. அதில் உழைத்து உண்ணும் குடும்பத்துக்குச் சிறிதன்று.

கடல் மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில் மேற்கு ஜொகூரின் கரையணைகளுக்கும் ஓதக் கதவுகளுக்கும் சுமை கூடுகிறது. கரையை உயர்த்தி நிலத்தை மேலும் காயவைப்பதா, நீர்மட்டத்தை உயர்த்தி அதற்கேற்ற பயிரைத் தேர்வதா, சில இடங்களைக் கடலுக்கே திருப்பித் தருவதா என்பதை இடந்தோறும் மண்ணைத் தோண்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு மண்ணெடுத்துச் சோதிக்க ஆகும் செலவு, தவறாக வெட்டிய ஒரு வாய்க்காலின் செலவுக்கு முன் ஒன்றுமில்லை.

பள்ளிகளில் இதனைக் கற்பிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. வாய்க்கால் கரையிலிருந்து எடுத்த சிறிதளவு சேறு, பி.எச். தாள், சில வாரப் பொறுமை ஆகியவை போதும். எடுத்த அன்று ஒருமுறையும், காற்றாட வைத்த பின் ஒருமுறையும் அளந்து எழுதிவைத்தால், அமிலமாகக்கூடிய நிலம் எது என்பதை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர். களரைப் பற்றிய குறளை நடத்தும் வகுப்பிலேயே இதையும் சேர்த்துச் சொல்லலாம். கல்லாதவர் கற்றால் திருந்துவதுபோல், களரும் உவரும் புளிப்பும் அவற்றின் இயல்பறிந்து நடத்தினால் திருந்தும் என்பதை அச்சிறு சோதனை மாணவர் மனத்தில் பதியவைக்கும்.